மறு: 'கெரிக்மா' – தமிழில் என்ன சொல்ல?

குழுவினருக்கு வணக்கம்.

புதிய ஏற்பாட்டில் வரும் 'கெரிக்மா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு (இயேசுவைப் பற்றி ஊரறியச் சொல்லும் சேதி) தமிழில் 'பிரசங்கம்' போதும் என்று குழுவில் ஐயா எழுதியிருந்தார். பழைய மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 1:21இல் அந்தச் சொல்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இன்று எங்கள் இராயபுரத்தில் பிரசங்கம் என்றால் மைக், ஒன்றரை மணி நேரம், நடுவில் இரண்டு கதை. கெரிக்மா அவ்வளவு நீளம் கிடையாது. அதே நிருபம் 15ஆம் அதிகாரத்தில், தான் பெற்றுக்கொண்டதையே ஒப்படைத்ததாகப் பவுல் சொல்கிறார். மொத்தம் நான்கே வினைகள்: மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், எழுந்தார், காணப்பட்டார். புத்திமதி ஒன்றுகூட இல்லை. நடந்த சேதி, அவ்வளவுதான்.

சின்ன வயதில் காசிமேட்டில் பார்த்தது. புயலில் திரும்பாமல் போன போட்டு ஒன்று சில நாள் கழித்துக் கரை சேர்ந்தது. துறைமுகத்திலிருந்து ஒரு பையன் செருப்புகூட இல்லாமல் "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று கத்திக்கொண்டே தெருத்தெருவாக ஓடினான். அதுவரை ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கெரிக்மா என்றால் எனக்கு அந்தப் பையன்தான்.

'சுவிசேஷம்', 'நற்செய்தி' இரண்டும் 'யூவங்கேலியோன்' (நல்ல சேதி) என்ற வேறொரு கிரேக்கச் சொல்லுக்கு ஏற்கெனவே இருப்பவை. இரண்டில் எது சரி என்ற பங்காளிச் சண்டையை இங்கே கிளற வேண்டாம். கெரிக்மாவின் வேர் 'கெரிக்ஸ்': அரசன் சொல்லியனுப்பியதை ஊரறியச் சொல்பவன். அதனால் 'கட்டியம்' என்று தோழி சொன்னது அழகுதான், ஆனால் கூத்து பார்த்தவர்களுக்குக் கட்டியக்காரன் வந்தாலே சிரிப்பு வரும். 'தண்டோரா' அரசே 2022இல் நிறுத்தச் சொன்ன வழக்கம். அந்த வேலையை யார் தலையில் கட்டியிருந்தோம் என்பதும் தெரியும். வேண்டாம்.

'அறைவு' மேல் எனக்கு ஆசை உண்டு; அறைதல் என்றால் ஊரறிய அறிவித்தல் என்றும் பொருள். மணிமேகலையின் முதல் காதையே விழாவறை காதை. ஆனால் கிறிஸ்தவ நூலில் 'அறை' என்றால் கண் நேரே ஆணிக்குப் போய்விடும். (சிலுவையும் சேதியும் ஒரே வினையில் வருவது கவிதைக்குக் கொண்டாட்டம், பாடநூலுக்குத் தலைவலி.)

சரி, என் பரிந்துரை: சாற்றுரை. அறிவிக்கும் செயல் 'சாற்று'வில் இருக்கிறது, அறிவிக்கப்படும் பொருள் 'உரை'யில். கெரிக்ஸ் 'சாற்றுநர்' ஆகலாம். வினைதான் இடிக்கிறது. 'சாற்றுரைத்தல்' நாக்கில் உருளவில்லை. வெறும் 'சாற்றுதல்' என்றால் பெருமாளுக்கு மாலை சாற்றுவதுபோல் ஒலிக்கிறது. இலக்கணம் தெரிந்தவர்கள் இதற்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள்.