முன்னாள் படைவீரர் அணிவகுப்பு: அனுபவம் உள்ளவங்க உதவுங்க

எல்லாருக்கும் வணக்கம். எங்க குடியிருப்புல இருக்கற முன்னாள் ராணுவத்தினரை கௌரவிக்க நவம்பர் 11 அன்னைக்கு ஒரு சின்ன அணிவகுப்பு நடத்தப் போறோம். 1918-ல முதல் உலகப்போரின் பீரங்கிகள் ஓய்ந்த நாள் அது. அதனால காலை 11 மணிக்கு ரெண்டு நிமிஷ மௌனமும் உண்டு. இடம், அனுமதி எல்லாம் சரி. சிக்கல் வேற.

ஒத்திகையில மேளத்தை வழக்கமான ராணுவ வேகத்துல, நிமிஷத்துக்கு 120 அடின்னு, வாசிச்சாங்க. முன்வரிசையில இருந்த பெரியவர் ஒருத்தர், எண்பது தாண்டினவர், கைத்தடியை ஊன்றிக்கிட்டே தாளம் தப்பாம காலை எடுத்து வெச்சார். பத்தே நிமிஷத்துல உதடு வெளுத்துப் போச்சு. நாற்காலி போட்டும் உட்காரல. வண்டியில ஏத்தினா மனசு நோகும், நடக்க விட்டா உடம்பு தாங்காது. இதை அவர்கிட்ட எப்படிப் பக்குவமா பேசறது?

பட்டாசு வெடிக்கணும்னு சிலர் பிடிவாதமா நிக்கறாங்க. போர்முனையைப் பார்த்து வந்தவங்கள்ல பலரை திடீர் வெடிச்சத்தம் உலுக்கிடும், அதனால கூடவே கூடாதுங்கறது என் கருத்து. அவங்க மனசுல படற மாதிரி எப்படிச் சொல்லலாம்?

கணவரை இழந்த ஒரு அம்மா, அவரோட பதக்கங்களை அணிஞ்சு நடக்க ஆசைப்படறாங்க. வீரர் இடது மார்புல அணியறதை குடும்பத்தார் வலது மார்புல அணியறது பல நாடுகள்ல வழக்கம். ஆனா நாடா நைஞ்சு இழை பிரியுது. இன்னும் கிழியாம எப்படிப் பொருத்தறதுன்னு தெரிஞ்சவங்க படத்தோட சொல்லுங்க. அந்த அம்மா பதக்கங்களைத் துடைச்சு வெச்சுக் காத்துக்கிட்டு இருக்காங்க.