டச்சு ‘டீஃப்ஸ்டல்’: திருட்டில் தொழுவம் எப்படி வந்தது?

சொல்தேடி:
டச்சில் திருட்டுக்கு டீஃப்ஸ்டல் என்கிறார்கள். ‘டீஃப்’ திருடன், சரி. ‘ஸ்டல்’ என்று அகராதியில் தேடினால் மாட்டுத்தொழுவம், குதிரை லாயம் என்று வருகிறது. தொழுவத்தில் புகுந்து மாடு பிடித்துப்போனதில் பிறந்த சொல்லா? பன்மையில் இரண்டுமே ‘ஸ்டல்லென்’ என்று முடிவதால்தான் கேட்கிறேன்.

மெய்யெழுத்து:
தொழுவத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ‘ஸ்டேலென்’ என்றால் திருடுவது. அதன் இறந்தகாலம் ‘ஸ்டல்’. ‘இக் ஸ்டல்’ என்றால் நான் திருடினேன். அதுதான் பின்னால் ஒட்டியிருக்கிறது.

வேர்க்கிழங்கு:
தொழுவம் இல்லை என்பது சரி. ஆனால் ஒட்டியிருப்பது இறந்தகால வினை அல்ல, அதே வினையிலிருந்து பிறந்த பழைய பெயர்ச்சொல். இடைக்கால டச்சில் இது ‘டீஃப்ஸ்டாலெ’. கடைசி உயிர் உதிர்ந்து, அழுத்தம் முதல் அசையில் விழுவதால் ‘டால்’ குறுகி ‘டல்’ ஆனது. அதன்பின் தொழுவத்தோடு ஒலி ஒன்றாகிவிட்டது, பன்மையும் அதைப் பின்பற்றியது.

ஜெர்மனைப் பாருங்கள், குழப்பம் தீரும். அங்கே திருட்டு ‘டீப்ஷ்டால்’, நெடில். தொழுவம் ‘ஷ்டல்’, குறில், எழுத்திலும் இரட்டை லகரம். பன்மையும் வேறு வேறு: டீப்ஷ்டேலெ, ஷ்டெல்லெ. (அங்கே ‘ஷ்டால்’ தனியாக நின்றால் எஃகு. அதற்கும் இதற்கும் உறவில்லை.)

இன்னொரு வேடிக்கை: பழைய ஜெர்மனில் முன்பாதியே ‘திருட்டு’ என்ற பொருளுடைய சொல்தான், ‘திருடன்’ பிற்பாடு வந்து உட்கார்ந்தான். ஆக, ‘திருட்டுத் திருடல்’. நம் ‘நடு சென்டர்’ ரகம்.

சொல்தேடி:
ஆங்கில ‘தெஃப்ட்’ இதோடு சேருமா?

வேர்க்கிழங்கு:
முன்பாதியோடு சேரும். டச்சிலும் ‘டீஃப்டெ’ என்ற பழைய சொல் தனியாகவே திருட்டைக் குறித்தது. பின்பாதிக்கு ஆங்கிலத்தில் உறவு ‘ஸ்டெல்த்’. அதற்கும் முதலில் திருட்டு என்றே பொருள், ஓசைப்படாமல் செய்வது என்பது பிறகு வந்தது.

சட்டப்பிரிவு:
பயன்பாட்டில் கவனிக்க வேண்டியது: ‘திருட்டு செய்தான்’ என்பதற்கு ‘ப்ளேகென்’ என்ற வினை சேரும், ‘ஸ்டேலென்’ சேராது. கடைத்திருட்டு என்றால் முன்னால் ‘விங்கெல்’ சேர்த்தால் போதும். 1886இல் நடைமுறைக்கு வந்த நெதர்லாந்து தண்டனைச் சட்டத்தில் சாதாரண டீஃப்ஸ்டல் 310ஆம் பிரிவு, அதிகபட்சம் 4 ஆண்டு சிறை. வன்முறையோடு பறித்தாலும் 312ஆம் பிரிவில் இதே சொல்தான், தண்டனை மட்டும் 9 ஆண்டுவரை ஏறும்.

மாட்டுத் திருட்டு 311இல் வருகிறது. அங்கேயும் தொழுவம் கிடையாது. மேய்ச்சல் நிலத்திலிருந்து ஓட்டிச்சென்றால்தான் கூடுதல் தண்டனை.