பார்ட் டைம் சிடிஓ (கம்பெனியின் டெக்னிக்கல் தலைவர்) வைத்தவர்கள் உண்டா? என் கதை இது, உங்களுடையதையும் சொல்லுங்கள்

திருப்பூர்க்காரி:

எங்களுடையது நான்கு பேர் கம்பெனி. பனியன் கம்பெனிகள் வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கும் சரக்குக்குக் கணக்கு வைக்கும் ஆப். நிட்டிங்கில் ஆரம்பித்து சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங் என்று ஒரே துணி ஏழெட்டு இடம் கைமாறும். எங்கே எத்தனை கிலோ குறைந்தது, யார் எத்தனை பீஸ் திருப்பித் தரவில்லை என்பதெல்லாம் டெலிவரி சலான் நோட்டில்தான் கிடக்கும். நான் மெர்ச்சண்டைசிங்கில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவள், கம்ப்யூட்டரில் எனக்குக் கைவந்தது எக்செல் மட்டும்தான்.

முதல் ஆப்பை ஒரு ஏஜென்சியிடம் ஆறு லட்சம் கொடுத்துச் செய்தோம். ஒன்றரை வருடம் ஓடியது. ஒருநாள் காலை எட்டு மணியில் இருந்து ஒரே போன். யாருக்கும் ஓடிபி வரவில்லை, லாகின் ஆக முடியவில்லை. கம்பெனி பெயரில் எஸ்எம்எஸ் போக வேண்டுமென்றால் டிராய் (தொலைத்தொடர்பு ஆணையம்) விதிப்படி டிஎல்டி என்கிற பதிவுத் தளத்தில் கம்பெனி, ஹெட்டர் என்கிற ஆறெழுத்து அனுப்புநர் பெயர், மெசேஜ் வாசகம் மூன்றும் பதிவாகி இருக்க வேண்டும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எங்கள் மெசேஜ் அத்தனையும் ஏஜென்சியின் பதிவில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவர்கள் அந்தப் பதிவைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். மூன்று நாள் எங்கள் கஸ்டமர் அத்தனை பேரும் மறுபடி நோட்டுக்குப் போனார்கள். இரண்டு பேர் திரும்பி வரவேயில்லை.

முழுநேர சிடிஓ தேடினோம். பேசிய இருவர் கேட்ட சம்பளம் எங்கள் வருட வரவை விட அதிகம். சரி, பார்ட் டைம் பார்ப்போம் என்று ஒருவரைப் பிடித்தோம். பெங்களூரில் பெரிய கம்பெனியில் வேலை, இரவிலும் ஞாயிறிலும் எங்களுக்கு. கெட்டிக்காரர்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் ஆபீஸில் என்ன செய்வாரோ அதையே எங்களுக்கும் செய்தார். ஒரே ஆப்பைப் பதினொரு குட்டி புரோகிராமாகப் பிரித்து (மைக்ரோசர்வீஸ் என்பார்கள்), அதையெல்லாம் மேய்க்க குபர்நெட்டிஸ், தனித்தனி டேட்டாபேஸ். எங்கள் கஸ்டமர் அப்போது அறுபத்து மூன்று பேர்! கிளவுட் கம்பெனி (வாடகை சர்வர்) கொடுத்த இலவச கிரெடிட் இருந்த வரைக்கும் பில் கண்ணில் படவில்லை. கிரெடிட் தீர்ந்த மாதம், முன்பு ஒன்பதாயிரம் வந்த இடத்தில் எழுபத்தோராயிரம் வந்தது. அவருக்கு அந்த வாரம் ஆபீஸில் ரிலீஸ், போன் எடுக்கவில்லை.

இப்போது இருப்பவர் கோவையில் ஒரு மேடம். இருபது வருட அனுபவம், வேலையை விட்டுவிட்டு மூன்று கம்பெனிகளுக்கு மட்டும் பார்க்கிறார். செவ்வாய் முழுநாள் நேரில், வெள்ளி ஒரு மணி நேரம் போனில். முதல் நாள் அவர் புரோகிராம் கோட் எதையும் திறக்கக்கூட இல்லை. ஒரு நோட்டை எடுத்து, "டொமைன் யார் பேர்லங்க இருக்கு? சர்வரோட ரூட் மெயில் யாருது? கோட் எந்த அக்கவுன்ட்ல இருக்கு? பிளே ஸ்டோர்? பேமென்ட் கேட்வே? டிஎல்டி?" என்று கேட்டு எழுதிக்கொண்டே போனார். ஏழு வரி வந்தது. அதில் இரண்டுதான் எங்கள் பெயரில். ரூட் மெயில், அதாவது சர்வரின் முழுச் சாவி, பெங்களூர்க்காரரின் சொந்த ஜிமெயில்! மீதி ஐந்தையும் எங்கள் பெயருக்கு மாற்ற ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் புதிதாக ஒன்றுமே செய்யவிடவில்லை, எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான்.

அப்புறம் எங்கள் டெவலப்பர் பையனையும் என்னையும் அழைத்துக்கொண்டு போய் ஒரு பவர் டேபிள் யூனிட்டில் அரைநாள் உட்கார வைத்தார். செக்கிங் டேபிளில் ஒரு அக்கா, ஒரு கையில் பனியன், மறு கையில் நூல் வெட்டும் ட்ரிம்மர். போனைத் தொடக் கை ஏது? எங்கள் ஆப் பீஸ் கணக்குக் கேட்கிறது, அவர்கள் கையில் இருப்பதோ பண்டல் கணக்கு. "ஏனுங்க அம்மணி, ஒவ்வொரு பீஸா எண்ணிப் போடறதுக்குள்ள வண்டி கிளம்பிப் போயிருமுங்க" என்றார் அந்த அக்கா. அடுத்த வாரம் ஒன்பது ஸ்கிரீனைத் தூக்கிவிட்டு ஒன்றே ஒன்று வைத்தோம், பண்டல் நம்பர் மட்டும். பதினொரு சர்வீஸும் மெல்ல மெல்ல ஒன்றாகி, பில் பன்னிரண்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது. இன்று வரை மேடம் ஒரு வரி கோட் எழுதியதில்லை.

மாதம் அறுபதாயிரம் கொடுக்கிறோம். இப்போது ஒன்றரை சதவீதம் பங்கும் கேட்கிறார், கொடுக்க எனக்கும் ஆசைதான். ஆடிட்டர்தான் தலையைச் சொறிகிறார். யாராவது கொடுத்திருக்கிறீர்களா?

ஓஎம்ஆர் ஆமை:

பங்கு விஷயம் தெரியாது, என் கூத்தைச் சொல்கிறேன். நான் செய்தது இன்வெஸ்டருக்குக் காட்டுவதற்காக மட்டும் சிடிஓ வைத்தது. கல்லூரி சீனியர், பெரிய பெயர். இன்வெஸ்டருக்கான பிரசன்டேஷனில் அவர் படம், பழைய கம்பெனி லோகோ எல்லாம் போட்டோம். மாதம் ஒரு காபி, அவ்வளவுதான் அவர் வேலை. நான்காவது மீட்டிங்கில் இன்வெஸ்டர் பக்கம் இருந்த ஒரு பையன், "உங்க டேட்டா டெலிட் ஆனா எவ்வளவு நேரத்துல திரும்பக் கொண்டு வருவீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டான். சீனியர் என்னைப் பார்த்தார், நான் சீனியரைப் பார்த்தேன். பேக்கப் இருக்கிறதா என்பதே இருவருக்கும் தெரியாது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சீனியர் இன்னமும் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புகிறார்.

ராத்திரி ரவுண்ட்ஸ்:

நான் மறுபக்கம். மூன்று வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன், ஒரு சமயத்தில் மூன்று கம்பெனிக்கு மேல் எடுப்பதில்லை. பெங்களூர்க்காரரைத் திட்டவே எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் முதல் வருடம் நானும் அதேதான் செய்தேன். பெரிய கம்பெனியில் இருந்து வருகிறவனுக்குச் சின்னதாகக் கட்ட வராது, அதைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் வேலையில் இருந்துகொண்டே இன்னோர் இடம் பார்ப்பவரை எடுக்கும்போது அவருடைய ஆஃபர் லெட்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். போட்டிக் கம்பெனிக்கும் சேர்த்து வேலை பார்த்தார்கள் என்று 300 பேரை வேலையை விட்டு அனுப்பியதாக விப்ரோ தலைவர் 2022 செப்டம்பரில் மேடையில் சொன்னார். பார்ட் டைம் ஆள் பாதியிலேயே கைகழுவிவிட்டுப் போனதால் அந்த மாதம் என்னிடம் வந்த ஃபவுண்டர் இருவர்.

நான் கம்பெனியை எடுப்பதற்கு முன்பு கேட்பது ஒன்றுதான்: ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் யார் போன் அடிக்கும்? "உங்க போன்தான் சார்" என்றால் கும்பிடு போட்டுவிடுவேன். முழுநேரமாக ஒரு டெவலப்பராவது இல்லாத இடத்தில் பார்ட் டைம் சிடிஓ என்பது கொத்தனார் இல்லாத வீட்டுக்கு இன்ஜினியர் வைக்கிற கதை. நான் வரைந்து கொடுப்பதை யார் கட்டுவது?

மணிக்கணக்கில் காசு வாங்கிப் பார்த்தேன், சரிவரவில்லை. மீட்டர் ஓடுகிறதே என்று முக்கியமான விஷயத்துக்குக்கூட ஃபவுண்டர் கூப்பிட மாட்டார். ஏஜென்சியோடு மூன்று வருட ஒப்பந்தம் போட்டுவிட்டு அப்புறம் சொல்வார். மாதத்துக்கு இவ்வளவு என்று மாற்றினேன். இப்போது பட்டன் பச்சையா நீலமா என்று ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறார்கள். இது தேவலை.

மதுரை மாட்டுத்தாவணி:

எனக்கென்னவோ இந்தப் பட்டமே தேவையில்லாத செலவாகத் தெரிகிறது. நல்ல சீனியர் டெவலப்பர் ஒருவரை எடுத்து, மேலே வேண்டுமென்றால் தெரிந்த அண்ணன் யாரையாவது மாதம் ஒருமுறை கறிசோறு போட்டு உட்கார வைத்துக் கேட்டால் போதாதா? நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். (அண்ணன் இந்த மாதம் துபாய் போய்விட்டார், அது வேறு விஷயம்.)

கணக்குப்பிள்ளை:

திருப்பூர்க்காரிக்கு. உங்கள் ஆடிட்டர் தலையைச் சொறிவதில் நியாயம் இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தில் ஈசாப் (பின்னால் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை) என்பது எம்ப்ளாயிக்கும் டைரக்டருக்கும் உள்ளது, வெளியில் இருந்து பில் போடும் கன்சல்டன்ட்டுக்கு இல்லை. உழைப்புக்கு ஈடாகத் தரும் பங்கு, ஸ்வெட் ஈக்விட்டியும் அதே கதைதான். ஈமெயிலில் "ஒன்றரை சதவீதம் தருகிறோம்" என்று எழுதி வைத்துக்கொண்டு, பிறகு ஃபண்டிங் நேரத்தில் இன்வெஸ்டரின் வக்கீல் அதைத் தோண்டி எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன், இரண்டு பக்கமும் முகம் வாடிப்போகும். வழி இல்லாமல் இல்லை. மதிப்பீடு செய்த விலைக்கு அவரே பங்கு வாங்கலாம். இல்லையென்றால் பங்காகத் தராமல், கம்பெனி விற்கும் நாளில் இத்தனை சதவீதத்துக்கு ஈடான பணம் என்று ஒப்பந்தம் போடலாம், ஃபேன்டம் ஸ்டாக் என்பார்கள். எதுவானாலும் முதல் ஒரு வருடம் இருந்தால்தான் ஆரம்பிக்கும் என்று வையுங்கள்.

பங்கை விட எனக்குக் கவலை வேறு. கோட் யாருக்குச் சொந்தம் என்று எழுதி வாங்கினீர்களா? மேடம் எழுதவில்லை, சரி. ஏஜென்சியும் பெங்களூர்க்காரரும் எழுதியிருக்கிறார்களே? 1957 காப்பிரைட் சட்டத்தில் சம்பள எம்ப்ளாயி எழுதியது கம்பெனிக்குச் சேரும். கன்சல்டன்ட் எழுதியது, வேறு மாதிரி எழுதிக் கையெழுத்து வாங்காத வரை, எழுதியவருக்கே. காசு முழுக்கக் கொடுத்துவிட்டோமே என்றால் செல்லாது. எழுதி வாங்கினாலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. அதோடு, ஒரு வருடம் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் கிடந்தால் அதுவும் போய்விடும், அப்படிப் போகாது என்று தனியாக எழுதாவிட்டால். ஆகவே "உலகம் முழுவதும், நிரந்தரமாக, பயன்படுத்தாவிட்டாலும்" என்கிற மூன்றும் பத்திரத்தில் இருக்கட்டும்.

அப்புறம் அந்த அறுபதாயிரம் ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று இப்போதே பேசிவிடுங்கள். அவர் வருட வரவு 20 லட்சம் தாண்டினால் 18 சதவீதம் மேலே வரும். டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிக்க மறக்காதீர்கள், புரொஃபஷனல் ஃபீஸ் என்றால் 10 சதவீதம்.

ராத்திரி ரவுண்ட்ஸ்:

ஐயா, அந்த 19ஆம் பிரிவை இப்போதுதான் படித்தேன். என்னுடைய பழைய ஒப்பந்தம் ஒன்றில் காலமும் இல்லை, இடமும் இல்லை. அந்த ஃபவுண்டருக்குச் சொல்லவா வேண்டாமா?

கணக்குப்பிள்ளை:

சொல்லுங்கள். உங்களிடம் கேட்காமலே நாளைக்கு அவருடைய வக்கீல் சொல்வார்.

திருப்பூர்க்காரி:

கணக்குப்பிள்ளை சார், நேற்றே பழைய ஏஜென்சிக்குப் போன் போட்டேன். கையெழுத்துப் போடுகிறோம், ஆனால் பழைய பாக்கி பதினெட்டாயிரம் இருக்கிறது என்கிறார்கள். ஓடிபி நின்றுபோன நாளில் அந்தக் காசைக் கொடுக்க மாட்டேன் என்று சத்தம் போட்டவள் நான்தான், இப்போது கொடுத்துவிடப் போகிறேன். பெங்களூர்க்காரர் பாவம், பத்தே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் அனுப்பிவிட்டார், "இப்ப பில் எவ்வளவு வருதுங்க?" என்றும் கேட்டிருந்தார். சொல்ல மனசு வரவில்லை.

மதுரைக்காரருக்கு ஒன்று. நானும் உங்களை மாதிரிதான் நினைத்தேன். போன வாரம் ஒரு பெரிய கஸ்டமர், சலானைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் ஏஐ படித்துக் கணக்கில் ஏற்றுமா என்று கேட்டார். எங்கள் பையன் இரண்டே நாளில் டெமோ செய்துவிட்டான், எனக்குத் தலைகால் புரியவில்லை. மேடம் அதை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "டெமோல காட்டினது எல்லாம் நீங்களே எழுதின சலான். நிஜமா ஓடின நோட்டு மூணு வேணும், எழுதி முடிச்சது, எண்ணெய்க் கறை பட்டது இருந்தா நல்லது" என்றார். செவ்வாய்க்குள் வேண்டுமாம். இரண்டு கிடைத்துவிட்டது. மூன்றாவதுக்கு அவினாசி ரோட்டில் ஒரு காம்பாக்டிங்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பழைய நோட்டையெல்லாம் ஆயுதபூஜைக்குச் சுத்தம் செய்தபோது எடைக்குப் போட்டுவிட்டோமே அம்மணி என்கிறார்.