கலைச்சொல்: வண்டி தானே திரும்பினால், இரும்பை நாம் ஆற்றினால்

ஐயா, வணக்கம். நீங்கள் வெளியிட்ட கலைச்சொல் பட்டியலில் இப்படி இருந்தது:

> பம்ப் ஸ்டியர்: மேட்டுத் திசைமாற்றம்
> வார்ப்பிரும்பை வெல்டிங் செய்து ஒட்டியபின் செய்வது: மெதுக்குளிர்விப்பு
> பட்டறைப் பழக்கம் உள்ளவர்கள் பார்த்துச் சொல்லவும்.

இரண்டு சொல்லும் எனக்கு இடறுகின்றன. வில் அசையும்போது ஓட்டுநர் கை படாமலே சக்கரம் திரும்பிவிடுவதைத்தான் பம்ப் ஸ்டியர் என்கிறோம். நான் கொலராடோவில் இருக்கிறேன். பாறைத் தடங்களில் ஓட்டுவதற்காக 1983ஆம் வருடத்து டொயோட்டா பிக்கப் ஒன்றை நாலு வருடமாகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

1979 முதல் 1985 வரை வந்த இந்த நாலு சக்கர இயக்க (4x4) வண்டிகளில் முன்பக்கமும் இரு சக்கரத்தையும் சேர்த்த ஒற்றை அச்சுதான். 1986இல் அமெரிக்காவில் அதை எடுத்துவிட்டார்கள். அதனாலேயே பழசுக்கு இன்றும் கிராக்கி. கம்பெனி அமைப்பில் டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) முன்னும் பின்னுமாக நகர்ந்து வேலை செய்யும். பட்டை வில் வளைந்து அச்சு கொஞ்சம் நகர்ந்தாலே சக்கரம் திரும்பும். அதற்குத்தான் 1986க்குப் பிந்தைய ஸ்டியரிங் பாக்ஸைப் பொருத்தி, டிராக் லிங்கை வண்டியின் குறுக்கே எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறோம்.

அப்படியும் டிராக் லிங்க் சரிந்து நின்றால் தொல்லை தீராது. அதன் நீளம் 90 செ.மீ. என்று வையுங்கள். படுக்கையாக இருந்தால், அச்சு 10 செ.மீ. ஏறும்போது குறுக்களவு 6 மி.மீ.கூட மாறாது. வண்டியை உயர்த்தியதில் சக்கரப்பக்க முனை 20 செ.மீ. தாழ்ந்து போயிருந்தால், அதே 10 செ.மீ. ஏற்றத்துக்கு 17 மி.மீ. மாறும். நக்கிளின் (அச்சு முனையில் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் உறுப்பின்) கை 15 செ.மீ. என்றால் சக்கரம் 6 பாகைக்கு மேல் திரும்பிவிடும். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை! நக்கிளின் தலைமேல் உயரமான கை ஒன்றைப் போல்ட் போட்டுப் பூட்டி, டிராக் லிங்கை மறுபடி படுக்க வைப்பது இதற்காகத்தான்.

இதில் மேடு எங்கே இருக்கிறது? யூட்டாவில் மோவாப் பாறைகளில் நடை வேகத்தில் போகும்போதும் இது நடக்கிறது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போதும் நடக்கிறது. ‘திசைமாற்றம்’ என்பதும் பொருந்தவில்லை. மாற்றியது யார் என்று அந்தச் சொல் காட்டவில்லை. ஸ்டியர் என்ற ஒரே சொல்லை ஆங்கிலம் இரண்டுக்கும் வைத்துக்கொள்கிறது. தமிழுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஓட்டுநர் திருப்புகிறார், சக்கரம் திரும்புகிறது. ஸ்டியரிங் வேலை எல்லாம் ‘திருப்பு’ என்ற பிறவினையில் நிற்கட்டும். கை படாமல் நடப்பது ‘திரும்பல்’. இந்தக் கோளாறு முழுவதும் அந்த மகரமெய்யில் அடங்கிவிடுகிறது. அச்சு ஏறுவதால் திரும்புவது, ஆகவே ‘ஏறுதிரும்பல்’ என்பது என் முன்மொழிவு. ‘இழுப்பு’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ‘வண்டி ஒரு பக்கமா இழுக்குது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது சமதளத்திலும் ஓயாமல் ஒருபக்கம் போகும் வண்டியை. அது வேறு நோய். அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடலாம்.

இரண்டாவது சொல்லில் எனக்குப் பட்ட அடி உண்டு. நண்பர் ஒருவர் 1979 ஃபோர்டிலிருந்து எடுத்த டேனா 60 என்ற கனரக முன் அச்சு வைத்திருக்கிறார். அதில் ஓட்டுநர் பக்கப் பட்டை வில் உட்காரும் மேடை தனியாக இல்லை, டிஃபரன்ஷியல் உறையோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. சுருள்வில்லுக்கு மாற்றும்போது எஃகுத் தகட்டை அந்த வார்ப்பின் மேலேயே ஒட்ட வேண்டியிருந்தது. அவசரத்தில் சரியாகச் சூடேற்றாமல் ஒட்டிவிட்டு, கராஜ் கதவையும் திறந்தே போட்டுவிட்டு வந்தோம். ஒரு மணி நேரம் கழித்து ‘டிங்’ என்று ஒரு சத்தம். ஒட்டின் ஓரமாக மயிரிழை விரிசல்.

வார்ப்பிரும்பில் கரி 2 விழுக்காட்டுக்கு மேல். அது நிதானமாக ஆறினால் கரி கிராஃபைட்டாகப் பிரிந்து ஒதுங்கும். சட்டென்று ஆறினால் இரும்போடு பிணைந்தபடியே இறுகி, கண்ணாடிபோல் கடினமாகி நொறுங்கும். இரண்டாம் முறை எல்லாவற்றையும் அரைத்து எடுத்துவிட்டு, 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றி, 55 விழுக்காடு நிக்கல் வெல்டிங் ராடில் ஓரங்குலம் ஓரங்குலமாக ஒட்டினோம். ஒவ்வொரு ஒட்டையும் சூடு தணியுமுன் சுத்தியலால் மெல்லத் தட்டினோம். கடைசியில் வெல்டிங் போர்வையால் மூடி விடியும்வரை விட்டோம். இதுவரை நிற்கிறது. (நக்கிள், ஸ்டியரிங் கை போன்ற வார்ப்புகளை இப்படி ஒட்டிப் பயன்படுத்தலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவை உடைந்தால் ஆள் போய்விடும், மாற்றத்தான் வேண்டும்.)

அதே இலக்கணம்தான் இங்கும். முதல் தடவை இரும்பு ஆறியது. இரண்டாம் தடவை நாங்கள் ஆற்றினோம். ‘குளிர்விப்பு’ என்றதும் தண்ணீரும் விசிறியும்தான் நினைவுக்கு வரும். செய்ய வேண்டியதற்கு நேர் எதிர். சின்ன உறுப்பைச் சுண்ணாம்புத் தூளில் புதைப்பார்கள், பெரியதைப் போர்த்துவார்கள். இரண்டையும் சேர்த்துப் ‘பொதிந்தாற்றுகை’ எனலாம்.

*

தம்பி, வணக்கம்.

திருப்பு, திரும்பல் என்று பிரித்தது மெத்தச் சரி. என் பட்டியலில் ‘திசைமாற்றம்’ வருகிற மற்ற இடங்களையும் இனித் திருத்தப்போகிறேன். ஆனால் ‘ஏறுதிரும்பல்’ என்றால் மலைப்பாதையில் ஏறும்போது திரும்புவது என்றல்லவா மாணவன் படிப்பான்? தொங்கும்போதும் நடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வில் அசைவதுதான் இரண்டுக்கும் பொது. ‘வில்லசைவுத் திரும்பல்’ என்றால் என்ன?

மற்றது, ‘ஆற்றுகை’ எங்களுக்குச் சரிவராது. யாழ்ப்பாணத்தில் மேடையில் நாடகம் நிகழ்த்துவதை ஆற்றுகை என்போம். ‘ஆற்றல்’ என்று போட்டால் பௌதிகக்காரர் சண்டைக்கு வருவார்கள்.

*

ஐயா, ‘வில்லசைவுத் திரும்பல்’ என்னுடையதைவிட நல்லது. நீளம் கொஞ்சம் கூடினாலும் காரணம் சொல்லுக்குள் வந்துவிட்டது. என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆற்றுகை நாடகத்துக்கே இருக்கட்டும். ‘பொதிந்து ஆற்றுதல்’ என்று இரண்டு சொல்லாகவே போட்டுவிடுவோமா? பட்டறையில் ‘பொதிஞ்சு ஆத்து’ என்று அப்படியே சொல்லலாம். கொல்லர்கள் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்குவதைத் தோய்ச்சல் என்பார்கள். பட்டியலில் அதையும் பக்கத்திலேயே வையுங்கள். வார்ப்பிரும்புக்கு எது கூடாது என்பது மாணவனுக்கு உடனே தெரியும்.