வாஸ்டேல் ஹெட் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கு

வைட்ஹேவன் ஆஸ்பத்திரியிலோ செல்லாஃபீல்ட் அணுசக்தி வளாகத்திலோ வேலை கிடைத்து இங்கிலாந்தின் வடமேற்கே இருக்கும் கம்ப்ரியா வருகிறவர்கள், முதல் ஞாயிற்றுக்கிழமை வாஸ்டேல் ஹெட் என்ற மலைக் கிராமத்துக்கு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, இங்கேயே ஒரு வீடு பார்த்தால் என்ன?" பார்க்கலாம் தம்பி. ஆனால் ஜூன் மாத வெயிலில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நவம்பரில், இருட்டிய பிறகு, மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் மேலே படியுங்கள்.

இடம் அழகுதான், மறுக்க முடியாது. வாஸ்ட்வாட்டர் ஏரிக்கரையை ஒட்டி ஒரே ஒரு சாலை, அது வாஸ்டேல் ஹெட்டோடு முடிந்துவிடும். ஏரி 79 மீட்டர் ஆழம், இங்கிலாந்திலேயே ஆழமானது. தலைக்கு மேலே நாட்டின் மிக உயரமான மலை, 978 மீட்டர் ஸ்காஃபெல் பைக். ஊர் என்றால் சில பண்ணை வீடுகள், ஒரு விடுதி, விடுதிக்குப் பின்னால் பொதிக்குதிரைகள் போவதற்கென்று கட்டிய வளைவுப் பாலம், யூ மரங்களுக்கு நடுவே செயிண்ட் ஓலாஃப் தேவாலயம். அவ்வளவுதான்.

அந்தச் சின்னத் தேவாலயத்துக்குள் கட்டாயம் போங்கள். ஜன்னல் கண்ணாடி ஒன்றில் நேப்ஸ் நீடில் என்ற பாறைத்தூணைப் பொடிசாகச் செதுக்கியிருப்பார்கள், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1886ல் ஹாஸ்கெட் ஸ்மித் என்பவர் தன்னந்தனியாக அதன் உச்சியில் ஏறினார். இந்த நாட்டில் பாறையேற்றம் ஒரு விளையாட்டாக ஆனதே அதற்குப் பிறகுதான் என்பார்கள். வெளியே கல்லறைகளில் மலையேறி விழுந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். வயல்களைச் சுற்றிச் சாந்தே இல்லாமல் அடுக்கிய கல்சுவர்கள் சில இடங்களில் ஏன் இவ்வளவு தடிமன் என்று தோன்றும். நிலத்தைச் சீர்ப்படுத்தியபோது கிடைத்த கல்லை வேறு எங்கே கொண்டுபோய்ப் போடுவது? சுவரிலேயே ஏற்றிவிட்டார்கள்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சீத்வெயிட்டில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னைக்கு 1,400 சொச்சம். அதுவும் நம்மூர் மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகாது, நசநசவென்று நாள் முழுக்க.

சரி, வீட்டுக்கு வருவோம். வாஸ்டேல் ஹெட்டிலேயே வாடகைக்கு வீடு அமைவது அபூர்வம். நெதர் வாஸ்டேல், சாண்டன் பிரிட்ஜ், கோஸ்ஃபோர்த் என்று கீழே இறங்கித்தான் தேட வேண்டியிருக்கும். இந்த மாதிரிக் குக்கிராமங்களில் கேஸ் லைன் வராத வீடுகள் நிறைய. தோட்டத்தில் ஒரு தொட்டி, அதில் மண்ணெண்ணெய், அதில்தான் ஹீட்டர் ஓடும். எண்ணெயை நீங்கள்தான் வாங்கி நிரப்ப வேண்டும். பொதுவாக 500 லிட்டருக்குக் குறைந்து லாரி வராது, கரண்டுக்கும் கேஸுக்கும் இருக்கிற விலை உச்சவரம்பு இதற்குக் கிடையாது. குளிர் தொடங்கும் முன்பே நிரப்பிவிடுங்கள். பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள், நாலைந்து வீடு சேர்ந்து ஒரே லாரிக்கு ஆர்டர் போடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. சாவி வாங்கும் அன்றே தொட்டியின் அளவைப் போட்டோ எடுத்து ஏஜென்டுக்கு மெயில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது தகராறு வருவது பெரும்பாலும் இதில்தான்.

அடுத்தது செப்டிக் டேங்க். யார் செலவில் காலி செய்வது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பூரி, வடை சுட்ட எண்ணெயைத் தயவுசெய்து சிங்க்கில் ஊற்றாதீர்கள். பாட்டில் பாட்டிலாக பிளீச் ஊற்றிக் கழுவும் பழக்கத்தையும் விடுங்கள், உள்ளே வேலை செய்கிற பாக்டீரியா செத்துவிடும். சில வீடுகளுக்குக் குடிதண்ணீர் ஊற்றிலிருந்தே வரும். வாடகை வீடானால் கவுன்சில் பரிசோதித்த அறிக்கை இருக்க வேண்டும், கேட்டு வாங்கிப் பாருங்கள்.

போனை வெளியே எடுத்து சிக்னல் பாருங்கள், வீட்டின் ஒவ்வொரு அறையிலும். சிக்னல் இல்லாத வீட்டில் லேண்ட்லைன் இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. இப்போதைய லேண்ட்லைன் பிராட்பேண்ட் வழியாக ஓடுவது, கரண்ட் போனால் அதுவும் போய்விடும். வயதானவர்களோ கைக்குழந்தையோ வீட்டில் இருந்தால் பேட்டரி பேக்கப் தரும்படி போன் நிறுவனத்திடம் சொல்லிவையுங்கள். கரண்ட் போனால் அழைக்க வேண்டிய எண் 105, இலவசம்.

சாலை விஷயம். கார் இல்லாமல் இங்கே குடியிருக்கவே முடியாது. வாஸ்டேல் ஹெட்டிலிருந்து கோஸ்ஃபோர்த் 9-10 மைல், ஒரு வண்டி மட்டும் போகும் அகலம். எதிரே வண்டி வந்தால் யாருக்கு ஒதுங்கும் இடம் அருகில் இருக்கிறதோ அவர் ஒதுங்க வேண்டும், கையை உயர்த்தி நன்றி சொல்ல வேண்டும். கறுப்புக் கோடு போட்ட வெள்ளை வட்டப் பலகையைப் பார்த்து மணிக்கு 60 மைலில் போகலாம் என்று எண்ணாதீர்கள். ஏரிக்கரையில் ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். ஆட்டை இடித்துவிட்டால் நிற்க வேண்டும், உரியவரிடம் விவரம் கொடுக்க முடியாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும். சட்டம் அது. இப்படிச் சொல்ல வேண்டிய விலங்குகளின் பட்டியலில் நாய், கழுதைகூட உண்டு, பூனை இல்லை. ஏனோ!

பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டிருந்த தங்கைக்கு: அருகிலுள்ள தகுந்த பள்ளி 8 வயதுக்குக் கீழ் என்றால் 2 மைலுக்கு மேலும், அதற்கு மேற்பட்ட வயதுக்கு 3 மைலுக்கு மேலும் இருந்தால் கவுன்சில் இலவசமாக வண்டி ஏற்பாடு செய்யும். கம்பர்லேண்ட் கவுன்சிலில் விண்ணப்பியுங்கள்.

நடக்கப் போனால் மஞ்சள் அம்புக்குறி போட்ட பாதையில் யார் வயலானாலும் தாராளமாகப் போகலாம். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுவிட்டுப் போக வேண்டும். "மலையில் ஆட்டுக்கு வேலியே இல்லையே, ஓடிப்போகாதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். போகாது. ஹெர்ட்விக் ஆடுகள் தாயோடு மேய்ந்தே தங்கள் எல்லையைக் கற்றுக்கொள்கிறவை. குட்டி கறுப்பாகப் பிறக்கும், வளர வளர உடம்பு சாம்பலாகி முகம் வெளுக்கும். அக்டோபரில் வாஸ்டேல் ஹெட்டில் நடக்கும் ஆட்டுக் கண்காட்சித் திருவிழாவில் வரிசையாகப் பார்க்கலாம். ஊர்க்காரர்களோடு பேச்சுக் கொடுக்க அதைவிட நல்ல நாள் இல்லை. நவம்பரில் சாண்டன் பிரிட்ஜில் உலகப் பொய்யர் போட்டி வேறு உண்டு, நம் ஆட்கள் யாராவது பெயர் கொடுங்களேன்.

கடைசியாக, எல்லோரும் கேட்கிற மட்டன். சூப்பர்மார்க்கெட் ஆட்டுக்குட்டிக் கறியில் பிரியாணி செய்து நொந்துபோனவர்கள் ஹெர்ட்விக்கை முயன்று பாருங்கள். மெதுவாக வளர்கிற மலையாடு, கறியில் ருசி இருக்கும். இந்தக் கறிக்கு 2013லேயே புவிசார் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. ஒரு வயது தாண்டியதை ஹாகெட் என்பார்கள், அதைக் கேளுங்கள். கழுத்தும் தோளும் எலும்போடு வெட்டித் தரச் சொல்லுங்கள், குக்கரில் இரண்டு விசில் கூடவே விடுங்கள்.