'ஏஸ்' விமானிக்குத் தமிழில் என்ன சொல்?

பென்னாகரத்திலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். போர் விமானி இந்திர லால் ராய் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையைத் திருத்திவிட்டேன், ஒரு சொல் மட்டும் நிற்கிறது. "முதல் உலகப் போரில் இந்தியாவின் ஒரே ஏஸ்" என்று இருக்கிறது. வான்சண்டையில் குறைந்தது ஐந்து வெற்றி கண்ட விமானியை அப்படிச் சொல்வார்கள். நேற்று ஒன்பதாம் வகுப்பில் படித்துக் காட்டினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், அவரு கிறிஸ்தவரா?" என்றான். ஏஸ் அவன் காதில் ஏசுவாக விழுந்திருக்கிறது. திங்கட்கிழமை அச்செடுத்துக் கொடுக்கணும். நல்ல சொல் வேண்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
தம்பி, சீட்டாட்டத்தில் ஆசு என்கிறோமே, அதேதான் இது. பிரெஞ்சுப் பத்திரிகைகள் அந்தப் போரின்போது சீட்டுக்கட்டிலிருந்து எடுத்த பெயர். நம்மிடம் ஆசுகவி இருக்கிறார், கேட்ட நொடியில் பாடுகிறவர். ராயும் 1918 ஜூலையில் இரண்டே வாரத்தில் பத்து வெற்றி கண்டவர், 19 வயதில். ஆசு விமானி என்று வையுங்கள். வேகமும் அதில் இருக்கிறது.

அரூரிலிருந்து:
அம்மா, ஆசு என்றால் குற்றம். ஆசறக் கற்றல் என்கிறோம். தட்டார் பட்டறையில் நகையை ஒட்டவைப்பது பற்றாசு. ஆசிடை வெண்பாவில் சீர்களுக்கு நடுவே ஒட்டவைக்கும் அசையும் அதே ஆசு. இதில் வேகத்தை எந்தப் பிள்ளை காணும்? தகடூர் என்ற நம் பழைய தருமபுரியின் சொல் ஒன்று கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கிறது. அதியமானைக் காட்டிப் பகைவரை எச்சரிக்கும் ஔவை, "எம்முளும் உளன் ஒரு பொருநன்" என்கிறாள். பொருநன் என்றால் போர்வீரன். வான்பொருநன் என்று எழுதுங்கள்.

ஓசூரிலிருந்து:
ஐயா, பொருநராற்றுப்படை படித்தவருக்குப் பொருநர் தடாரிப் பறை கொட்டும் கலைஞர். படிக்காதவருக்கு அந்தச் சொல்லே புதிது.

அதைவிட எனக்குக் கவலை அடுத்த வரி. "பத்து விமானங்களைச் சுட்டு அழித்தார்" என்று இருக்கிறது. ராயின் கணக்கில் அழிந்தவை ஐந்து, அதிலும் ஒன்று பிறரோடு பங்கு. மீதி ஐந்தும் கட்டுப்பாடிழந்து சுழன்று கீழே போனவை. அன்றைய பிரிட்டிஷ் கணக்கில் இரண்டு வகையும் வெற்றிதான், ஆனால் இரண்டும் 'அழித்தல்' ஆகாது. ஏஸ் என்பது பதவியோ விருதோ இல்லை, குறைந்தது ஐந்து வெற்றி என்ற எண்ணிக்கை. வீரத்தைப் புகழும் சொல் அந்த எண்ணிக்கையை மறைத்துவிடும். வென்றி என்ற பழஞ்சொல் இருக்கிறது. ஐவகை, ஐவிரல் மாதிரி ஐவென்றி. ஐவென்றி விமானி.

அரூரிலிருந்து:
அழித்தாரை எடுத்துவிடுங்கள், தம்பி சொல்வது சரி. தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களைப் போய்ப் பாருங்கள். 'தொறு மீட்டுப் பட்டான்' என்கிற வாசகத்தில் பட்டமே கிடையாது. ஆநிரையை மீட்டான், விழுந்தான், அவ்வளவுதான். அதனால்தான் கடைசி வரியில் 'மரணமடைந்தார்' எனக்கு உறுத்துகிறது. 1918 ஜூலை 22-ல் வான்சண்டையில் பட்டார் என்று எழுதலாமே.

பென்னாகரத்திலிருந்து:
ஐயா, 'பட்டார்' என்றால் பிள்ளைகள் அடிபட்டார் என்று படிப்பார்கள். 'போரில் வீழ்ந்தார்' என்று மாற்றியிருக்கிறேன். பத்து, 'பத்து வான்வெற்றிகள்' ஆகிவிட்டது, ஐந்தைந்தாகப் பிரித்தும் காட்டியிருக்கிறேன். தனிமடலில் வந்தவையும் சேர்த்து ஐவென்றிக்கு நாலு பேர், ஆசுக்கு அக்கா, பொருநனுக்கு ஐயா. முதல் முறை வரும் இடத்தில் 'குறைந்தது ஐந்து வான்வெற்றி கண்ட ஐவென்றி விமானி' என்று விளக்கிவிட்டேன்.

அரூரிலிருந்து:
அச்செடுங்கள் தம்பி, தடுக்கவில்லை. ஆனால் ஐவென்றி கணக்குப்பிள்ளையின் சொல். என் வகுப்பில் பொருநன் என்றுதான் சொல்லிக்கொடுப்பேன்.