வீட்டுக் கடன்: புரோக்கர் மூலம் போவதா, நேராக வங்கிக்கா?

ஈசூன் மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். நானும் கணவரும் ஈசூனில் ஒரு மறுவிற்பனை நான்கறை வீட்டைப் பார்த்திருக்கிறோம். எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம், மாமியாருக்குத் தனி அறை கிடைக்கும். விற்பவர் 600,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கிறார். "வங்கி வங்கியாக ஏன் அலைகிறீர்கள், இவரிடம் பேசுங்கள்" என்று எங்கள் வீட்டு ஏஜண்ட் ஒரு லோன் புரோக்கரின் எண்ணைக் கொடுத்தார். பேசிய அன்று இரவே அவர் நான்கு வங்கிகளின் வட்டியை வாட்ஸ்அப்பில் அட்டவணையாக அனுப்பிவிட்டார். இரண்டு ஆண்டுக்கு மாறாத வட்டி 1.8 விழுக்காடு என்பதுதான் அதில் ஆகக் குறைவு. எங்களிடம் ஒரு காசும் வாங்க மாட்டாராம்.

கணவர் வேறு மாதிரி சொல்கிறார். நம் சம்பளம் இத்தனை வருடமாக ஒரே வங்கிக்குத்தான் போகிறது, அங்கேயே கேட்போம், முன்பின் தெரியாதவரிடம் சம்பளச் சீட்டை எதற்குக் கொடுப்பது என்கிறார். எனக்கு ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் வங்கியை மூடிவிடுகிறார்கள்.

எங்கள் நிலவரம்: எனக்கு 34, அவருக்கு 36. இருவரும் குடிமக்கள், இது முதல் வீடு. நான் தாதி, சம்பளம் 4,200. அவர் விமானப் பராமரிப்பில் டெக்னீஷியன். அடிப்படைச் சம்பளம் 3,400, ஓவர்டைமும் ஷிஃப்ட் படியும் சேர்ந்து சராசரியாக 900 வரும். மசேநி (மத்திய சேம நிதி) சாதாரணக் கணக்கில் இருவருக்கும் சேர்த்து 190,000 இருக்கிறது. கையில் ரொக்கம் 40,000தான். வீடு வாங்கவும் கடன் பெறவும் தகுதி காட்டும் எச்எஃப்இ கடிதத்துக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

புரோக்கரா, வங்கியா? இலவசம் என்கிறாரே, அதுதான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

தோபாயோ தாத்தா

அம்மா, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடன் கிடைக்குமானால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள். 1999 முதல் 2.6 விழுக்காடுதான், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எங்கள் புளோக்கில் ஒரு குடும்பம் வட்டி ஆகக் குறைவாக இருந்த சமயத்தில் வங்கிக்கு மாறியது. 2022 கடைசியில் வங்கிகளின் மாறாத வட்டியே 4 விழுக்காட்டைத் தாண்டியபோது வீவகவுக்குத் திரும்பலாமா என்று கேட்டார்கள். வீவகவிலிருந்து வங்கிக்குப் போகலாம், வங்கியிலிருந்து வீவகவுக்குத் திரும்ப முடியாது. இதை மட்டும் மனதில் வையுங்கள்.

முன்பு கடன் பிரிவில்

தாத்தா சொன்ன இடத்திலிருந்தே தொடங்குகிறேன். நான் பல ஆண்டுகள் ஒரு வங்கியின் வீட்டுக் கடன் பிரிவில் வேலை பார்த்தவள், இப்போது அந்தத் துறையில் இல்லை. புரோக்கரா வங்கியா என்று கேட்பதற்கு முன்னால், வங்கிக் கடனா வீவக கடனா என்று முடிவாக வேண்டும். உங்கள் ஏஜண்டும் கேட்கவில்லை, புரோக்கரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். புரோக்கர் இலவசம் என்பது உண்மைதான். கடன் கொடுத்த பிறகு வங்கி அவருக்குக் கமிஷன் தரும். அதற்காக உங்கள் வட்டியைக் கூட்டுவதில்லை, கிளைக்கு நேராகப் போனாலும் பெரும்பாலும் அதே பேக்கேஜைத்தான் சொல்வார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் கமிஷன் வராத பக்கம் அவர் உங்களைக் கூட்டிப் போவார் என்று எதிர்பார்க்க முடியாது. வீவக அவருக்கு எதுவும் தராது. லாக்-இன் (அபராதமில்லாமல் கடனை மாற்ற முடியாத காலம்) முடிந்த பிறகு அதே வங்கியிலேயே புதிய வட்டிக்கு மாறிக்கொண்டால் அதிலும் அவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை, வேறு வங்கிக்கு மாறினால்தான் உண்டு. அவர் அனுப்பிய அட்டவணையை எடுத்துப் பாருங்கள். நான்கு வங்கிகள் இருக்கும், வீவக இருக்காது.

வங்கி ஊழியருக்கும் இது பொருந்தும். அவருக்கு மாத இலக்கு உண்டு. பக்கத்து வங்கியில் வட்டி குறைவு என்று அவருக்கே தெரிந்திருக்கும், அதை அவர் வாயால் கேட்க முடியாது. பல ஆண்டு வாடிக்கையாளர் என்பதற்காக வட்டியைக் குறைப்பார்கள் என்று உங்கள் கணவர் நினைத்தால், அப்படி நடந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது கணக்கு. 600,000 வெள்ளி வீட்டுக்கு, வங்கியானாலும் வீவகவானாலும், 75 விழுக்காடு வரை கடன் கிடைக்கும், அதாவது 450,000. வீவக முன்பு 80 கொடுத்தது, 2024 ஆகஸ்டில் அதுவும் 75 ஆகிவிட்டது. 25 ஆண்டுக்கு எடுத்தால் 1.8 விழுக்காட்டில் மாதத் தவணை ஏறக்குறைய 1,864 வெள்ளி, 2.6இல் 2,042. மாதம் 178 வெள்ளி வித்தியாசம். உங்கள் வருமானத்துக்கு அது சின்னத் தொகை இல்லை, புரோக்கர் காட்டுவதும் அதைத்தான்.

அவர் காட்டாதது ரொக்கம். வங்கிக் கடன் என்றால் மீதி 25 விழுக்காட்டில் 5 விழுக்காட்டைக் கட்டாயம் ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். உங்களுக்கு அது 30,000. வீவக கடனில் அந்த 25 விழுக்காட்டையும் மசேநியிலிருந்தே கட்டலாம். இதோடு முடியவில்லை. விற்பவர் 600,000 கேட்கிறார், வீவக அந்த வீட்டை 585,000 என்று மதிப்பிட்டால் நடுவில் உள்ள 15,000 முழுக்க ரொக்கம். அதற்குக் கடனும் கிடையாது, மசேநியும் கிடையாது. கடனையும் 585,000 மீதுதான் கணக்கிடுவார்கள். அப்போது வங்கி வழியில் உங்களுக்கு 29,250உம் 15,000உம் சேர்த்து 44,250 வெள்ளி ரொக்கம் வேண்டும். உங்களிடம் 40,000தான் இருக்கிறது, சுவருக்குச் சாயம் அடிக்கக்கூட மிச்சமிருக்காது. வீவக வழியில் ரொக்கம் 15,000ஓடு நின்றுவிடும். முதல் வீடு என்பதால் மானியம் கிடைக்கலாம், ஆனால் அது மசேநி கணக்குக்குத்தான் போகும், கைக்கு வராது. முத்திரைத் தீர்வை 12,600 ஆகும், அதற்கு மசேநியைப் பயன்படுத்தலாம்.

அடுத்தது தகுதி. கழக வீட்டுக்கான மாதத் தவணை மொத்த வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வங்கி இதை 1.8 விழுக்காட்டில் பார்க்காது. உங்களுக்குத் தரும் வட்டி எவ்வளவு குறைவாக இருந்தாலும், குறைந்தது 4 விழுக்காடு என்று வைத்துத்தான் பார்க்க வேண்டும், அது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. 450,000க்கு 4 விழுக்காட்டில் தவணை 2,375. அப்படியானால் இருவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 7,920 வெள்ளி வருமானம் வேண்டும். உங்கள் நிலையான சம்பளம் இரண்டும் சேர்ந்து 7,600தான். கணவரின் ஓவர்டைமில் 70 விழுக்காட்டைத்தான் கணக்கில் எடுப்பார்கள், அது 630. அதையும் சேர்த்தால் 8,230, தப்பித்துவிடுவீர்கள். அதாவது முழுத் தொகையும் கிடைப்பது அவருடைய ஓவர்டைமுக்கு ஒழுங்கான ஆதாரம் இருப்பதைப் பொறுத்தது. வீவக தகுதி பார்ப்பது 3 விழுக்காட்டில். அங்கே 7,115 வெள்ளி அளவுக்கு வருமானம் இருந்தால் போதும், ஓவர்டைமைத் தொடாமலே தேறிவிடுவீர்கள்.

அதனால் என் கருத்து இதுதான். மாமியாரையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள், கையில் ரொக்கம் குறைவு. முதலில் வீவக கடனோடு வீட்டை வாங்குங்கள். வீவக கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை. ஓரிரு வருடத்தில் கையிருப்பு சேர்ந்த பிறகும் வங்கி வட்டி குறைவாகவே இருந்தால் அப்போது புரோக்கரைக் கூப்பிடுங்கள். இப்படிக் கடனை வங்கிக்கு மாற்றும் மறுநிதியளிப்புக்கு அந்த 5 விழுக்காடு ரொக்கம் தேவையில்லை. புரோக்கர் உண்மையிலேயே பயன்படும் இடம் அதுதான்: ஏழெட்டு வங்கியின் வட்டியை ஒரே மாலையில் ஒப்பிட்டுத் தருவார், வழக்கறிஞர் செலவை எந்த வங்கி ஏற்கும் என்று விசாரித்துச் சொல்வார்.

இல்லை, இப்போதே வங்கிதான் என்று முடிவெடுத்தால், யார் மூலம் போனாலும் கையெழுத்துக்கு முன்னால் வங்கியின் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக் கடன் கேட்பவருக்கு அதைத் தர வேண்டியது வங்கியின் கடமை. வட்டி ஏறினால் தவணை எவ்வளவு ஆகும், லாக்-இன் எத்தனை ஆண்டு, நடுவில் அடைத்தால் அபராதம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அபராதம் வழக்கமாக 1.5 விழுக்காடு. 450,000க்கு 6,750 வெள்ளி. அட்டவணையில் 1.8 என்று பெரிதாகப் போட்டிருக்கும், மூன்றாம் ஆண்டில் என்ன வட்டி என்பது அதில் இருக்காது. பெரும்பாலும் சோராவோடு (ஏறி இறங்கும் சந்தை வட்டி) இத்தனை விழுக்காடு என்று கூட்டிச் சொல்வார்கள். அந்தக் கூட்டல் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

புக்கிட் பாத்தோக் ஓட்டுநர்

அக்கா சொல்வது சரிதான், ஆனால் புரோக்கரை அவ்வளவு தள்ளி வைக்க வேண்டாம் என்பேன். நான் தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன். மாதத்துக்கு மாதம் வருமானம் மாறும். நேராகப் போன ஒரு வங்கியில் என் வரிக் கணக்கைப் பார்த்துவிட்டு, கேட்டதில் பாதிதான் வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். புரோக்கர் என்னோடு உட்கார்ந்து இரண்டு ஆண்டு வரி மதிப்பீட்டுக் கடிதத்தையும் பார்த்தார். புதிய ஆண்டு மதிப்பீடு வரும்வரை காத்திருங்கள், அப்போது சராசரி ஏறும் என்றார். வேறொரு வங்கியில் தொகை கிடைத்தது. சம்பளச் சீட்டு இல்லாதவனுக்கு அப்படி ஓர் ஆள் கூட இருப்பது பெரிய பலம்.

அவருக்கு முன்னால் பேசிய இன்னொருவரால்தான் தொல்லை. என் எண்ணை யார் யாருக்கோ கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. சவாரி நேரத்தில் காப்புறுதி விற்கிறவர்கள், புதுப்பிப்புக் கடன் தருகிறவர்கள் என்று தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. எண்ணைக் கொடுக்கும் முன்பே, வேறு யாருக்கும் தரக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

ஈசூன் மருமகள்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்றிரவு கணவரோடு உட்கார்ந்து அந்த 44,250 கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். அவர் வெகுநேரம் பேசவே இல்லை. வீவக கடனுக்கே விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கிறோம், ஆனால் மனம் இன்னும் அந்த 178 வெள்ளியை விடவில்லை. இரண்டு சந்தேகம். வீடு கைநழுவிவிடும், 1,000 வெள்ளி கொடுத்து ஓடிபி (வீட்டை வாங்கும் உரிமைப் பத்திரம்) வாங்கிவிடலாம், கடனைப் பிறகு பார்க்கலாம் என்று ஏஜண்ட் அவசரப்படுத்துகிறார். சரியா? அப்புறம், புரோக்கர் சம்பளச் சீட்டு, மசேநி அறிக்கை எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் கேட்கிறார், அனுப்பலாமா?

முன்பு கடன் பிரிவில்

எச்எஃப்இ கடிதம் இல்லாமல் ஓடிபி வாங்கவே கூடாது, அது வீவகவின் விதி. ஏஜண்டுக்குத் தெரியாமல் இருக்காது. இன்றைக்கே வீவக இணைய வாசலில் விண்ணப்பியுங்கள், கடிதம் வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அந்த விண்ணப்பத்திலேயே வங்கிகளின் கொள்கையளவு ஒப்புதலையும் சேர்த்துக் கேட்கும் வசதி இருக்கிறது. வீவக எவ்வளவு தரும், வங்கி எவ்வளவு தரும் என்று இரண்டும் கைக்கு வந்துவிடும், அதற்கு யாரும் நடுவில் தேவையில்லை. 178 வெள்ளியை விடுவதா என்று அப்போது முடிவெடுக்கலாம்.

ஓடிபி வாங்கினால் 21 நாள்தான் அவகாசம். வாங்கிய மறு வேலைநாளுக்குள் வீட்டு மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கடன் என்றால் வங்கியின் கடன் கடிதம் வந்த பிறகுதான் ஓடிபியில் கையெழுத்துப் போட முடியும். கடிதம் தாமதமானால் 1,000 வெள்ளியும் போகும், வீடும் போகும். விற்பவருக்கு உண்மையிலேயே உங்களுக்குக் கொடுக்க மனமிருந்தால் காத்திருப்பார். ஈசூனில் நான்கறை வீடு வேறு கிடைக்காமல் போகாது.

ஆவணங்களை இப்போது அனுப்ப வேண்டாம். வட்டி விசாரிக்க உங்கள் வயதும் வருமானமும் கடன் தொகையும் போதும். வங்கியை நீங்கள் தேர்ந்தெடுத்த பிறகு, அந்த ஒரு வங்கிக்காகக் கொடுங்கள். அரசு இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கடவுச்சொல்லை யார் கேட்டாலும் தரக்கூடாது. உங்களைக் கேட்காமல் நான்கைந்து வங்கிக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பம் போடக்கூடாது என்றும் சொல்லிவையுங்கள், ஒவ்வொரு விண்ணப்பமும் கடன்பற்று அறிக்கையில் பதிவாகும்.

கணவரின் ஓவர்டைம் காட்டும் சம்பளச் சீட்டுகள் கடந்த 12 மாதத்துக்கும் இருக்கின்றனவா என்று இப்போதே பார்த்துவையுங்கள். நடுவில் ஒன்று விடுபட்டிருந்தால் நிறுவனத்தில் கேட்டு வாங்க நாளாகும்.